நாள்வழிக் கோப்புகளும் ஓர் ஐப்பசி மின்தடையும்: மண்டபம் கரையில் ஒரு தரவுத்தளப் பழுதுபார்ப்பு

கார்த்திகை மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை 4.40 மணிக்கு, மண்டபம் வடகடல் கரையில் இயங்கும் ஒரு மீன் கொள்முதல் கூடத்தின் கணக்குப்பிள்ளை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, எடைச்சீட்டு ஏற மாட்டேங்குது. போட்டெல்லாம் கரைக்கு வந்துருச்சு, நண்டும் கணவாயும் தராசுல கெடக்கு" என்றார். "கையால எழுதி வைங்கண்ணே, நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு இராமநாதபுரத்திலிருந்து கிளம்பினேன். உச்சிப்புளியைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகுகள் ஞாயிறு விடியலில் கரை திரும்பும். அந்த மூன்று மணி நேரத்தில் ஏறும் எடைச்சீட்டுகளை வைத்துத்தான், படகுக்காரருக்கு முன்னரே கொடுத்த பணம், ஏற்றிவிட்ட ஐஸ், ஊற்றிய டீசல் ஆகியவற்றைக் கழித்து, அவர் கையில் அன்று எவ்வளவு கொடுப்பது என்று முடிவாகிறது. ஆகவே இந்தச் சீட்டுகளை ஏற்றி வைக்கும் சர்வர், அதாவது கூடத்தின் மையக் கணினி, ஓடுகிறதா இல்லையா என்பது கடலில் இரவைக் கழித்துவிட்டு வந்து நிற்பவரின் கூலியைத் தொடும் செய்தியாகும்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒன்றை விளக்க வேண்டும். கணக்குப்பிள்ளையிடம் இரண்டு புத்தகங்கள் எப்போதும் இருக்கும். அன்றன்று நடப்பதை நடந்த வரிசையிலேயே எழுதிக்கொண்டு போவது நாள்வழி. அதிலிருந்து ஆள்வாரியாக, படகுவாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. பேரேட்டில் ஒரு பக்கம் கிழிந்தாலும் நாள்வழி இருந்தால் திரும்ப எழுதிவிடலாம். இந்தச் சர்வரில் ஓடும் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளும் இதே முறையில்தான் இயங்குகிறது. எந்த மாற்றத்தையும் முதலில் ‘ரைட்-அஹெட் லாக்’ என்னும் நாள்வழியில் எழுதி, அது டிஸ்கில் உறுதியாகப் பதிந்த பிறகே மாற்றம் முடிந்ததாகச் சொல்கிறது. பேரேடாகிய தரவுக் கோப்புகளில் பின்னர் நிதானமாக ஏற்றிக்கொள்கிறது. நாள்வழி 16 எம்பி அளவுள்ள துண்டுகளாக, ‘பிஜி வால்’ என்னும் கோப்புறைக்குள் சேர்கிறது. ஒரு துண்டு நிறைந்ததும், நாம் கொடுத்துள்ள ‘ஆர்க்கைவ் கமாண்ட்’ என்னும் கட்டளையைச் சர்வர் அழைத்து, அந்தத் துண்டை வேறோர் இடத்துக்கு நகலெடுக்கச் சொல்கிறது. கட்டளை சுழியத்தைத் திருப்பித் தந்தால் நகல் பத்திரமாகச் சேர்ந்தது என்று நம்பி, பின்னர் அந்தத் துண்டை மறுபயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளும். வேறெந்த எண் வந்தாலும் சேரவில்லை என்று பொருள்; அப்போது சர்வர் அந்தத் துண்டை அழிக்காமல் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். இந்தப் பிடிவாதம் நல்லது. ஆனால் அதற்கு இடம் வேண்டும்.

அன்று காலை நான் கண்டது இடம் தீர்ந்த நிலைதான். டிஸ்க் முழுவதும் நிறைந்து, நாள்வழியில் எழுத முடியாமல் போஸ்ட்கிரெஸ் ‘பேனிக்’ என்று எழுதிவிட்டுத் தன்னை நிறுத்திக்கொண்டிருந்தது. ‘பிஜி வால்’ கோப்புறைக்குள் 855 துண்டுகள் வெளியேற முடியாமல் நின்றன, ஏறத்தாழ 13.4 ஜிபி. ஒரு நாளைக்குச் சராசரி 45 துண்டுகள் பிறக்கும் இடத்தில் இது 19 நாள் தேக்கம். பத்தொன்பது நாட்களுக்கு முன், ஐப்பசியின் கடைசி வாரத்தில், இடியுடன் பெய்த ஓர் இரவு மழையில் மின்சாரம் போனதும், யுபிஎஸ் மின்கலம் வலுவிழந்திருந்ததால் சர்வர் அப்படியே அணைந்ததும் கணக்குப்பிள்ளைக்கு நினைவிருந்தது. மின்சாரம் வந்ததும் சர்வர் தானாக எழுந்து வேலை செய்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இந்தச் சர்வரை அமைத்தவர் வேறொருவர். நான் புரட்டாசியில்தான் பொறுப்பேற்றேன். அப்போது நகல்கள் ஒழுங்காகச் சேர்வதைக் கண்ணால் பார்த்து நிறைவடைந்தேனே தவிர, அது நின்றால் எனக்குச் செய்தி வருவதற்கு எந்த ஏற்பாடும் செய்யவில்லை. அந்தப் பொறுப்பு என்னுடையதே.

இந்த நிலையில் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு, இடம் வேண்டும் என்பதற்காக ‘பிஜி வால்’ கோப்புறைக்குள் கை வைத்துப் பழைய துண்டுகளை அழிப்பது. முன்பு இந்தக் கோப்புறையின் பெயர் ‘பிஜி எக்ஸ்லாக்’ என்று இருந்தது. பெயரில் ‘லாக்’ என்ற சொல்லைப் பார்த்து, ஏதோ வேண்டாத பழைய பதிவு என்று எண்ணிப் பலர் அழித்துத் தரவுத்தளத்தையே இழந்ததால்தான் 2017-இல் வெளிவந்த பத்தாம் பதிப்பில் பெயரையே மாற்றினார்கள். பேரேட்டில் இன்னும் ஏறாத நாள்வழிப் பக்கத்தைக் கிழித்தால், மறுநாள் பேரேடும் பொய்யாகிவிடும். எனவே டிஸ்கின் அதே பகிர்வில் (பிரிவில்) கிடந்த, சர்வர் தன் செயல்களைக் குறித்து வைக்கும் பழைய உரைப் பதிவுகளை வெளி டிஸ்குக்கு நகர்த்தினேன். அதில் ஒரு ஜிபிக்கும் குறைவாகவே கிடைத்தது. பிறகு, லினக்ஸின் ‘எக்ஸ்ட்-4’ கோப்பமைப்பு வழக்கமாக 5 சதவீத இடத்தை, கணினியின் முழு அதிகாரம் பெற்ற ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் என்பதை நினைத்து, அந்த ஒதுக்கீட்டை 1 சதவீதமாகக் குறைத்தேன். போஸ்ட்கிரெஸ் ரூட் பயனராக ஓடுவதில்லை. அதனால் அதன் கண்ணுக்கு இந்த இடம் இதுவரை இல்லாததாகவே இருந்தது. 40 ஜிபி பகிர்வில் 1.6 ஜிபி திறந்துகொண்டது. சர்வரைத் தொடங்கினேன், நாள்வழியை ஓட்டிப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொண்டு எழுந்தது. 6.15 மணிக்கு முதல் சீட்டு ஏறியது.

இனிதான் காரணத்தைத் தேட வேண்டியிருந்தது. சர்வரின் உரைப் பதிவில், காப்பகக் கட்டளை (ஆர்க்கைவ் கமாண்ட்) 1 என்னும் எண்ணுடன் தோற்றது என்ற வரி, ஐப்பசி இரவிலிருந்து 80,000 முறைக்கு மேல் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே துண்டு: 000000010000003100000042. இந்த 24 எழுத்துகளில் முதல் எட்டும் காலக்கோட்டையும், மீதிப் பதினாறும் நாள்வழியில் அத்துண்டு நிற்கும் இடத்தையும் குறிக்கின்றன. வரிசையில் முதலில் நிற்பது போகாவிட்டால் பின்னால் நிற்கும் எதுவும் போகாது.

நகல்கள் சேரும் இடம், கூடத்திலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி உள்ள ஐஸ் கம்பெனிக் கட்டடத்தில் இருக்கும் ஒரு கணினியின் டிஸ்க். கம்பியில்லா இணைப்பில் நெட்வொர்க் கோப்புறையாக இங்கே இணைக்கப்பட்டிருந்தது. அங்கே போய்ப் பார்த்தேன். அதே பெயரில் ஒரு கோப்பு இருந்தது. பெயரை மட்டும் பார்த்திருந்தால், ‘இருக்கிறதே, பிறகென்ன’ என்று தோன்றியிருக்கும். அளவைப் பார்த்தேன்: 94,37,184 பைட், அதாவது சரியாக 9 எம்பி. அதன் மேலும் கீழும் இருந்த எல்லாக் கோப்புகளும் 1,67,77,216 பைட். அந்த ஒன்று மட்டும் குட்டையாக, பாதியில் அறுந்து கிடந்தது.

அதன்பின் எல்லாம் விளங்கியது. அமைக்கப்பட்டிருந்த கட்டளை, பல இடங்களில் எடுத்துக்காட்டாகத் தரப்படும் அதே கட்டளைதான்: சேருமிடத்தில் அந்தப் பெயரில் கோப்பு இல்லை என்றால் நகலெடு, இருந்தால் தோல்வி என்று சொல். ஏற்கெனவே இருக்கும் நகலை மேலெழுதி அழித்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் எழுந்த முறை அது. ஆனால் கம்பியில்லா இணைப்பில் ஒரு துண்டு போய்ச் சேர நான்கு விநாடி ஆகிறது. அந்த நான்கு விநாடிக்குள் மின்சாரம் போனதால் பாதி நகல் அங்கே தங்கிவிட்டது. சர்வர் எழுந்ததும் அதே துண்டை மீண்டும் அனுப்ப முயன்றது. கட்டளையோ, பெயர் இருப்பதைக் கண்டு மறுத்தது. பெயர் இருப்பதற்கும் பொருள் முழுமையாக இருப்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை அந்தக் கட்டளையால் அறிய முடியவில்லை. மனிதர் ஒருவர் வந்து பார்க்கும் வரை அது மறுத்துக்கொண்டே இருந்திருக்கும்.

குட்டைக் கோப்பை அழிக்காமல், பெயரின் இறுதியில் ‘அறுந்தது’ என்று சேர்த்து வேறு கோப்புறைக்கு நகர்த்தினேன். அடுத்த நிமிடமே தேக்கம் நகரத் தொடங்கியது. 855 துண்டுகளும் போய்ச் சேர 57 நிமிடங்கள் ஆயின. போய்ச் சேர்ந்தவுடன் இடம் காலியாகவில்லை என்பதைக் கண்டு கணக்குப்பிள்ளை கவலைப்பட்டார். அடுத்த ‘செக்பாயின்ட்’ நடக்கும்போதுதான், அதாவது நாள்வழியில் உள்ளவை பேரேட்டில் ஏறி முடிந்ததாகக் குறிக்கப்படும்போதுதான், பழைய துண்டுகள் விடுவிக்கப்படும். அதைக் கையால் ஒருமுறை நடத்தியதும் டிஸ்க் இறங்கியது.

அந்த வாரமே புதிய கட்டளையை எழுதினேன். அது ஒரு சிறிய ஸ்கிரிப்ட், அதாவது வரிசையாக இயங்கும் கட்டளைகளின் தொகுப்பு. முதலில் சேருமிடம் உண்மையிலேயே ஐஸ் கம்பெனிக் கணினியின் டிஸ்க்தானா என்று, அங்கே மட்டும் வைத்துள்ள ஓர் அடையாளக் கோப்பைத் தேடிப் பார்க்கிறது, இல்லையென்றால் தோல்வி. அடுத்து, அதே பெயரில் கோப்பு இருந்தால் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுகிறது. ஒன்றாக இருந்தால் வெற்றி என்று சொல்கிறது, வேறாக இருந்தால் தோல்வி என்று சொல்லி எனக்குச் செய்தி அனுப்புகிறது. கோப்பே இல்லையென்றால், தற்காலிகப் பெயரில் நகலெடுத்து, அது நினைவகத்தில் மிதக்காமல் டிஸ்கில் பதிய ‘சிங்க்’ செய்து, மூலத்தோடு ஒப்பிட்டு, கடைசியாகத்தான் உரிய பெயரைச் சூட்டுகிறது. ஒரே கோப்பமைப்புக்குள் பெயர் மாற்றம் பாதியில் நிற்காது. நடந்திருக்கும் அல்லது நடந்திருக்காது. ஆகவே உரிய பெயரோடு ஒரு கோப்பு அங்கே இருந்தால் அது முழுமையான கோப்பு என்று இப்போது சொல்ல முடிகிறது. தற்காலிகப் பெயரில் அறுந்து கிடப்பதை அடுத்த முயற்சி மேலெழுதிவிடும்.

அடையாளக் கோப்பைத் தேடும் முதல் படியை வெறும் முன்னெச்சரிக்கையாகத்தான் எழுதினேன். ஆனால் அதைச் சோதிப்பதற்காக நெட்வொர்க் கோப்புறையின் இணைப்பைக் கழற்றியபோது, கீழே இருந்த வெற்றுக் கோப்புறை வெற்றாக இல்லை. உள்ளே 23 துண்டுகள் இருந்தன. எல்லாம் ஆடி மாதத் தேதிகள். அந்த நாளில் ஏதோ காரணத்தால் சர்வர் மீண்டும் தொடங்கியபோது கம்பியில்லா இணைப்பு எழத் தாமதமாகியிருக்க வேண்டும். இணைப்பு இல்லாத நிலையில் அந்தக் கோப்புறை சர்வரின் சொந்த டிஸ்கில் உள்ள ஒரு சாதாரண கோப்புறைதான். பழைய கட்டளை அதற்குள் நகலெடுத்துவிட்டு, வெற்றி என்று 23 முறை சொல்லியிருக்கிறது. இணைப்பு எழுந்ததும் அவை அதற்கு அடியில் மறைந்துவிட்டன. ஐஸ் கம்பெனிக் கணினியில் பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன். அதே இடத்தில் 23 எண்கள் விடுபட்டிருந்தன. ஆடி மாதத்தில் தரவுத்தளம் கெட்டிருந்தால், மீட்பு அந்த இடைவெளி வரை வந்து நின்றிருக்கும். அதற்குப் பிந்திய துண்டுகள் ஆயிரம் இருந்தாலும் பயனில்லை. ஐப்பசிப் பழுது குறைந்தபட்சம் 80,000 முறை எழுதி முறையிட்டது. ஆடிப் பழுதோ ஒரு வரியும் எழுதாமல் இருந்துவிட்டது. இரண்டில் இதுவே எனக்கு அதிகம் பயம் தந்தது. 23 துண்டுகளையும் உரிய இடத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டுச் சேர்த்தேன்.

புதிய ஸ்கிரிப்டை ஏற்றும்போது அமைப்பு மாற்றங்களைப் பற்றிய பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அமைப்புக் கோப்பில் ‘ஆர்க்கைவ் கமாண்ட்’ வரியைத் திருத்தி, ரீலோட் செய்து (சர்வரை நிறுத்தாமலே கோப்பை மீண்டும் படிக்கச் சொல்லி), சர்வரிடமே இப்போதைய மதிப்பைக் கேட்டேன். பழைய கட்டளையையே சொன்னது. கோப்பில் எழுத்துப் பிழை இல்லை. ‘பிஜி செட்டிங்ஸ்’ என்னும் பார்வையில் (சர்வர் தன்னைப் பற்றிக் காட்டும் அட்டவணையில்) ஒவ்வொரு அமைப்பும் எந்தக் கோப்பின் எந்த வரியிலிருந்து வந்தது என்று காட்டும் பத்திகள் உண்டு. அதில் பார்த்தால் இந்த மதிப்பு வந்தது நான் திருத்திய கோப்பிலிருந்து அல்ல, தரவுக் கோப்புறைக்குள் இருக்கும் ‘ஆட்டோ’ அமைப்புக் கோப்பிலிருந்து. ‘ஆல்டர் சிஸ்டம்’ என்ற கட்டளையால் மாற்றப்படும் மதிப்புகள் அங்கே எழுதப்படும். அவை முதன்மைக் கோப்பில் உள்ளதை மீறும். முன்பு யாரோ அவசரத்தில் அப்படி மாற்றியிருக்கிறார்கள். அதை ‘ரீசெட்’ செய்து நீக்கிய பிறகே என் வரி நடைமுறைக்கு வந்தது. கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது போதாது என்பதையும், ஓடும் சர்வர் எதை வைத்திருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும் என்பதையும் அன்றிலிருந்து விடாமல் பின்பற்றுகிறேன்.

நடைமுறைக்கு வந்த பின்பும் துண்டுகள் போகவில்லை. காப்பகப் புள்ளிவிவரத்தில் தோல்வி எண்ணிக்கை ஏறவே இல்லை. அதனால் இருபது நிமிடம் வேறு திசையில் தேடினேன். பிறகு உரைப் பதிவைப் பார்த்தால், கட்டளை 126 என்னும் எண்ணுடன் முடிந்ததாக இருந்தது. ஸ்கிரிப்டுக்கு இயக்க அனுமதி கொடுக்க மறந்திருந்தேன். 125-க்கு மேற்பட்ட எண் வந்தால் போஸ்ட்கிரெஸ் அதைச் சாதாரணத் தோல்வியாகக் கணக்கில் எடுப்பதில்லை. காப்பகப் பணியைச் செய்யும் செயல்முறையே நின்று, மீண்டும் தொடங்கப்படுகிறது. தோல்வி எண்ணிக்கையை மட்டும் நம்பிக் கண்காணிப்பு அமைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: மறுமுனைக் கணினி அணைந்து, நெட்வொர்க் கோப்புறை பதில் தராமல் நகலெடுப்பு தொங்கி நின்றாலும் தோல்வி எண்ணிக்கை ஏறாது, ஏனெனில் இன்னும் எதுவும் தோற்கவில்லை. அதனால் நான் எண்ணுவது, அனுப்பப்படக் காத்திருக்கும் துண்டுகளுக்குச் சர்வர் வைக்கும் ‘ரெடி’ அடையாளங்களை. பத்துக்கு மேல் போனால் பதினைந்து நிமிடத்துக்குள் என் கைப்பேசிக்குச் செய்தி வரும். கடைசியாக எப்போது நகல் சேர்ந்தது என்ற நேரத்தை வைத்து எச்சரிக்கை அமைத்தால், சீட்டு எதுவும் ஏறாத இரவுகளில் வீணாக எழுப்பும்.

அமைப்பு மாற்றத்தில் நம் கரைக்கு உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. ‘ஆர்க்கைவ் கமாண்ட்’ போன்றவற்றுக்கு ரீலோட் போதும். காப்பகத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று சொல்லும் ‘ஆர்க்கைவ் மோட்’ போன்றவற்றுக்கு ரீஸ்டார்ட் வேண்டும். ரீலோட் செய்யும்போது கோப்பில் பிழை இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் பழைய மதிப்புகளோடு தொடர்ந்து ஓடும். உரைப் பதிவில் ஒரு வரி எழுதுவதோடு சரி. ஆனால் அதே பிழையோடு புதிதாகத் தொடங்க முயன்றால் சர்வர் எழவே எழாது. ஆகவே செவ்வாய்க்கிழமை பகலில் விட்டுப்போன ஒரு மேற்கோள்குறி, அடுத்த மழை இரவில் மின்சாரம் போய் வந்த பிறகு, படகுகள் கரைக்கு வரும் நேரத்தில் வெளிப்படும். மாற்றியவருக்கு அதற்குள் மாற்றியதே மறந்திருக்கும். இதற்கு மருந்து ‘பிஜி ஃபைல் செட்டிங்ஸ்’ என்னும் பார்வை: கோப்பைத் திருத்திய பின், ரீலோட் செய்வதற்கு முன்பே, அதில் உள்ள ஒவ்வொரு வரியையும் சர்வர் ஏற்குமா என்று அது சொல்லிவிடும். ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருக்கும் மாற்றம் ஏதேனும் உண்டா என்பதை ‘பிஜி செட்டிங்ஸ்’ பார்வையிலேயே இன்னொரு பத்தி காட்டும். இரண்டையும் பார்க்காமல் நான் இப்போது கூடத்தை விட்டு வெளியேறுவதில்லை.

மாற்றங்களை எழுதி வைப்பதற்கு ‘கிட்’ என்னும் கருவியைப் பயன்படுத்துகிறேன். முதன்மை அமைப்புக் கோப்புகள் இருக்கும் கோப்புறை முழுவதும் அதில் உள்ளது. ஆனால் இந்தச் சர்வரின் இயங்குதளமான உபுண்டுவில் ‘ஆட்டோ’ கோப்பு வேறிடத்தில், தரவுக் கோப்புறைக்குள் இருப்பதால், அது மட்டும் தப்பிவிடும். எனவே இயல்பான மதிப்பிலிருந்து மாறியுள்ள அமைப்புகள் அனைத்தையும் சர்வரிடமே கேட்டு ஓர் உரைக் கோப்பாக எழுதி, தினமும் இரவு 11 மணிக்கு ‘கிட்’டில் சேர்க்கும்படி அமைத்தேன், யார் எந்த வழியில் மாற்றினாலும் மறுநாள் அந்த வேறுபாடு கண்ணில் படும். இவ்வளவு செய்தும், ஏன் மாற்றினோம் என்பது எதிலும் வரவில்லை. அதற்குக் கணக்குப்பிள்ளைதான் வழி காட்டினார். அவருடைய நாள்வழியில் அழிப்பானோ வெள்ளை மையோ பட்ட இடமே இல்லை. தவறான தொகையின் மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான தொகை, ஓரத்தில் காரணம் இரண்டு சொல், கீழே அவருடைய சுருக்கொப்பம். கோட்டுக்கு அடியில் பழைய தொகையைப் படிக்க முடியும். நானும் அதேபோல் ஒரு குறிப்பேட்டைச் சர்வர் மேசையில் வைத்து, பழைய மதிப்பு, புதிய மதிப்பு, காரணம், ரீலோடா ரீஸ்டார்ட்டா, மாற்றிய பின் சர்வர் சொன்ன மதிப்பு ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

அதில் உள்ள ஒரு பதிவு ‘ஆர்க்கைவ் டைம்அவுட்’ பற்றியது. முன்பு 1,800 விநாடி இருந்தது. அதாவது துண்டு நிறையாவிட்டாலும் அரை மணிக்கு ஒருமுறை மூடி அனுப்பப்படும். இதன் பொருள், சர்வரின் டிஸ்க் அடியோடு போனால் அரை மணி நேரச் சீட்டுகள் போகும். நான் 300 விநாடியாக்கினேன். பாதி நிறைந்த துண்டும் 16 எம்பிதான் ஆகையால், ஒரு நாளில் அதிகபட்சம் 288 துண்டுகள், 4.5 ஜிபி ஆகும். ஆனால் பதினொன்றாம் பதிப்பிலிருந்து, இப்படி முன்கூட்டியே மூடப்படும் துண்டின் மீதிப் பகுதி சுழியங்களால் நிரப்பப்படுகிறது; சுருக்கினால் மிகச் சிறிதாகிவிடும். சுருக்கும் வேலையைக் காப்பக ஸ்கிரிப்டில் சேர்க்காமல், ஐஸ் கம்பெனிக் கணினியில் இரவில் நடக்குமாறு தனியே வைத்தேன். காப்பக ஸ்கிரிப்ட் எவ்வளவு சிறியதாக இருக்கிறதோ அவ்வளவு நம்பலாம் என்பது என் கருத்து. பல சர்வர்கள் உள்ள இடங்களில் ‘பிஜி பேக்ரெஸ்ட்’, ‘பார்மன்’ போன்ற ஆயத்த பேக்கப் கருவிகளை எடுத்துக்கொள்வதே முறை. இங்கே ஒரே சர்வர், நான் இல்லாத நாளில் அதைப் பார்க்கப் போகிறவர் கணக்குப்பிள்ளையின் மகன். அவரால் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும்.

மார்கழியில் மீட்புச் சோதனை நடத்தினோம். ஒரு பழைய கணினியில், ஞாயிற்றுக்கிழமை எடுத்த முழு பேக்கப்பை விரித்து, அதன்மேல் வியாழக்கிழமை காலை 5.40 மணி வரையிலான நாள்வழியை ஓட்டச் சொன்னேன். தொடங்கும் முன் அந்தக் கணினியில் ‘ஆர்க்கைவ் மோட்’ அணைக்கப்பட்டதை உறுதி செய்தேன். இல்லையென்றால் மீட்கப்பட்ட நகல் தானும் ஒரு சர்வராகி, உண்மையான காப்பகத்துக்குள்ளேயே தன் துண்டுகளை அனுப்பத் தொடங்கிவிடும். தரவுக் கோப்புறைக்குள் இருக்கும் ‘ஆட்டோ’ கோப்பு பேக்கப்போடு சேர்ந்து பயணிக்கும் என்பதால், ‘ஆல்டர் சிஸ்டம்’ வழியாகச் செய்த மாற்றங்கள் இங்கேயும் உயிரோடு எழும். மறுபக்கம், முதன்மை அமைப்புக் கோப்புகள் பேக்கப்பில் வருவதே இல்லை. அவற்றை ‘கிட்’ நகலிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஏறத்தாழ 180 துண்டுகள் ஓடி முடிந்து, சொன்ன நேரத்தில் தரவுத்தளம் நின்றது. கணக்குப்பிள்ளை அன்றைய தாள் சீட்டுகளை ரப்பர் பட்டையிட்டுக் கட்டி எடுத்து வந்திருந்தார். எண்ணினோம். தரவுத்தளத்தில் 203 சீட்டுகள், தாளில் 5.40 வரை 119. "தம்பி, இது வெயில் ஏறின பிறகு வந்த கணக்குல்ல? இந்தச் சீலா மீன் சீட்டெல்லாம் பத்து மணிக்கு மேல போட்டது" என்றார். அவர் சொன்னது சரி. சோதனைக் கணினியின் நேர வலயம் உலகப் பொது நேரத்தில் இருந்தது. நான் வலயம் குறிப்பிடாமல் 5.40 என்று கொடுத்ததை அது அந்த நேரமாக எடுத்துக்கொண்டு, நம் நேரப்படி 11.10 வரை ஓட்டிவிட்டது. மீண்டும் பேக்கப்பை விரித்து, நேரத்தோடு +05:30 என்று சேர்த்து ஓட்டினேன். இந்த முறை 118.

ஒரு சீட்டு குறைந்தது. இருவரும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம், கடைசிச் சீட்டுதான். தாளில் எடை போட்ட நேரம் 5.38. ஆனால் அதைத் தட்டச்சு செய்து முடித்துத் தரவுத்தளத்தில் சேமித்தது 5.42-க்கு. மீட்பு பார்ப்பது சேமிப்பு முடிந்த நேரத்தை. தராசில் மீன் கிடந்த நேரத்தை அல்ல. கணக்குப்பிள்ளை அந்தச் சீட்டின் பின்புறத்தில் இரண்டு நேரங்களையும் எழுதிச் சுருக்கொப்பமிட்டுக் கட்டுக்குள் வைத்தார்.

யுபிஎஸ் மின்கலத்தை மாற்றியாயிற்று. அதன் முனைகளில் உப்புக் காற்றால் பச்சை பூத்திருந்ததால் இனி மாதம் ஒருமுறை துடைத்துப் பார்ப்பதாகக் கணக்குப்பிள்ளையின் மகன் ஏற்றுக்கொண்டிருக்கிறார். மீதம் இருப்பது பதிப்பு மாற்றம். இங்கே ஓடுவது போஸ்ட்கிரெஸ் 14. அதற்கான ஆதரவு 2026 நவம்பரில் முடிகிறது. ஏப்ரல் 15 அன்று 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்ட பிறகு அதைச் செய்வதாகக் குறிப்பேட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம்.